சந்திராவின் தரவில் வெடித்த விண்மீன்கள்: கொழும்பில் இருந்து ஒரு லெப்டொப்பில் செய்யக்கூடியது

கொழும்பில் விண்மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் எதிரி மேகம், அடுத்தது காலி வீதி விளக்குகள். எக்ஸ்-கதிர் வானியலில் இந்த இரண்டும் கணக்கிலேயே இல்லை. எக்ஸ்-கதிரை வளிமண்டலம் முழுவதுமாக உறிஞ்சிவிடும். ஆகவே கட்டுபெத்தையில் இருக்கும் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 செ.மீ. தொலைகாட்டிக்கும் அது எட்டாது, ஹவாய் மலை உச்சியில் இருக்கும் தொலைகாட்டிகளுக்கும் எட்டாது. பூமியில் நிற்கிற எல்லோரும் இந்த விடயத்தில் ஒரே நிலைதான். தரவு விண்வெளியில் எடுக்கப்பட்டு, குறிப்பிட்ட காலம் போனபின் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி களஞ்சியத்தில் கிடக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்தும் அதே கோப்பை, அதே தரத்தில் எடுக்கலாம்.

இங்கே முக்கியமாக விண்வெளியில் இருக்கும் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டியையும் கசியோப்பியா-ஏ என்ற சுப்பர்நோவா எச்சத்தையும், அதாவது ஒரு விண்மீன் வெடித்து விட்டுச்சென்ற வாயுவையும், வைத்து எழுதுகிறோம். பழகுவதற்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை. பிரகாசமானது, சுமார் 5 வில்நிமிட (ஒரு வில்நிமிடம் பாகையின் அறுபதில் ஒன்று) அகலம் என்பதால் ஒரே உணரிச் சில்லுக்குள் அடங்கிவிடும், 1999 ஓகஸ்டில் சந்திரா முதன்முதலில் வெளியிட்ட படமும் இதுதான். வெடித்தது ஏறக்குறைய 350 வருடங்களுக்கு முன், தூரம் சுமார் 11,000 ஒளியாண்டு. கொழும்பில் இருந்து பார்த்தால் அது வடக்கே ஆகக்கூடியது 38 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். ஏறினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

சந்திரா 1999 ஜூலை 23 இல் கொலம்பியா விண்ணோடத்தில் போனது. பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. அவர் அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். எக்ஸ்-கதிர் கண்ணாடியை நேராகத் தாக்கினால் தெறிக்காது, உள்ளே போய் உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு பாகைக்கும் குறைந்த சாய்வில் உரசிப் போகும்போதுதான் தெறிக்கும். அதனால் இரிடியம் பூசிய நான்கு சோடிக் குழாய் வடிவக் கண்ணாடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. பெரியதின் விட்டம் 1.2 மீற்றர், குவியத் தூரம் 10 மீற்றர். இந்த ஏற்பாடு தரும் கூர்மை அரை வில்செக்கன் (ஒரு வில்செக்கன் வில்நிமிடத்தின் அறுபதில் ஒன்று). இன்றுவரை வேறு எந்த எக்ஸ்-கதிர் தொலைகாட்டியும் அதை எட்டவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று வடிவாக விளங்க வேண்டும். களஞ்சியத்தில் இருந்து வருவது படம் அல்ல, பட்டியல். கடைக் கணக்குக் கொப்பியில் ஒரு வரிக்கு ஒரு விற்பனை எழுதுவதுபோல, வந்து சேர்ந்த ஒவ்வொரு போட்டனுக்கும் (ஒளித்துகளுக்கும்) ஒரு வரி இருக்கும்: எத்தனை மணிக்கு, சில்லில் எந்த இடத்தில், வானத்தில் எந்தத் திசையில் இருந்து, எவ்வளவு சக்தியோடு. படம், நிறமாலை (எந்தச் சக்தியில் எத்தனை போட்டன்), ஒளி வளைவு (எந்த நேரத்தில் எத்தனை போட்டன்) மூன்றும் இந்த ஒரே பட்டியலை வெவ்வேறு விதமாக எண்ணிப் பெறுபவை. எண்ணும்போது எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதில்தான் பிழைகள் எல்லாம் நுழைகின்றன.

சக்தி எப்படி அளக்கப்படுகிறது என்றால், எக்ஸ்-கதிர்ப் போட்டன் ஒன்று சிலிக்கனில் விழுந்ததும் ஏறக்குறைய 3.65 இலத்திரன் வோல்ற்றுக்கு ஓர் இலத்திரன் வீதம் விடுவிக்கும். இரும்பின் 6.7 கிலோ இலத்திரன் வோல்ற்றுப் போட்டன் என்றால் சுமார் 1,800 இலத்திரன்கள். (இனிமேல் இந்த அலகைக் கே.ஈ.வி. என்றே எழுதுகிறோம்.) இலத்திரன்களை எண்ணினால் சக்தி தெரியும். சில்லு ஒவ்வொரு 3.2 செக்கனுக்கும் ஒரு தடவை வாசிக்கப்படும். அந்த இடைவெளிக்குப் பெயர் சட்டகம். அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு போட்டன்கள் விழுந்தால் கணக்கு குழம்பும். இதைக் குவிதல் என்பார்கள். அந்தக் கரைச்சலுக்குப் பிறகு வருவோம்.

தரவை எடுப்பது

ஒவ்வொரு அவதானிப்புக்கும் ஓர் எண் உண்டு. களஞ்சியத்தின் தேடல் பக்கத்தில் இலக்கின் பெயரைக் கொடுத்து, கருவி ஏசிஸ் (மேலே சொன்ன சில்லுகள் உள்ள கமரா) என்றும், ஒளியைச் சக்திவாரியாகப் பிரிக்கும் கீற்றணி இல்லாதது என்றும் தெரிவுசெய்தால் பட்டியல் வரும். கசியோப்பியா-ஏக்குத் தொடக்கத்தில் இரண்டு எண்கள் போதும்: 114 (2000 ஜனவரி), 5196 (2004 பெப்ரவரி). இரண்டும் கிட்டத்தட்ட 50,000 செக்கன். 2004 இல் எடுத்த பத்து இலட்சம் செக்கன் தொகுதியை எடுத்த எடுப்பில் இறக்க வேண்டாம். அதில் சுமார் 28 கோடி போட்டன்கள் இருக்கின்றன, 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினி திணறிப்போகும். 50,000 செக்கன் கோப்பிலேயே ஒரு கோடிக்கு மேல் வரிகள் வரும்.

மென்பொருளின் பெயர் சியாவோ. லினக்ஸிலும் மெக்கிலும் நேரே ஓடும். விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸ் துணைத்தொகுதியை நிறுவ வேண்டும். கொண்டா என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவுவதுதான் சுலபம். சியாவோ, மாதிரிகளைப் பொருத்தும் ஷேர்பா, படம் பார்க்கும் டிஎஸ்9, கருவியின் குறைகளைத் திருத்த உதவும் கல்டிபி என்ற அளவுத்திருத்தக் களஞ்சியம் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில், ஒரு புதிய தனிச் சூழலில் நிறுவுங்கள். ஏற்கெனவே பைதன் வேலைக்கு வைத்திருக்கும் சூழலில் கொட்டினால் நூலகப் பதிப்புகள் ஒன்றோடொன்று மோதும். கல்டிபி மட்டுமே பல ஜி.பி. என்பதால், தரவோடு சேர்த்து 50 ஜி.பி. இடத்தை முதலே ஒதுக்கி வையுங்கள். வீட்டு இணைப்பில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் இதையெல்லாம் நள்ளிரவுக்குப் பின் ஓட விடுவது புத்தி. நடுவில் கரண்ட் போய் இறக்கம் பாதியில் நின்றால், கோப்பு இருக்கிறதே என்று நம்பித் தொடர வேண்டாம். அளவைக் களஞ்சியத்தின் அளவோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.

இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை சந்திரா-ரீப்ரோ என்ற கட்டளை. களஞ்சியம் ஏற்கெனவே பதப்படுத்திய கோப்பைத்தான் தருகிறது, ஆனால் அது பதப்படுத்திய நாளில் இருந்த அளவுத்திருத்தத்தோடு வரும். ரீப்ரோ இன்றைய அளவுத்திருத்தத்தைப் போட்டு, கெட்ட பிக்சல்களைக் கழித்துப் புதிய கோப்பு எழுதும். இதில் வெரி-ஃபெயின்ட் முறைக்கான (ஒவ்வொரு போட்டனைப் பற்றியும் கூடுதல் விவரம் அனுப்பும் முறை) கூடுதல் சுத்திகரிப்பு என்று ஒரு தெரிவு உண்டு. அந்த முறையில் எடுத்த தரவுக்கு மட்டுமே அது பொருந்தும். மங்கலான பொருளுக்கு நல்லது, பிரகாசமான பொருளில் நல்ல போட்டன்களையும் சேர்த்து எறிந்துவிடும். கசியோப்பியா-ஏ தரவு, விவரத்தைச் சுருக்கி அனுப்பும் கிரேடட் முறையில் எடுக்கப்பட்டது. செக்கனுக்கு 280 போட்டன் அளவில் வருவதை முழு விவரத்தோடு பூமிக்கு அனுப்ப அலைவரிசை போதாது என்பதுதான் காரணம். ஆகவே இங்கே அந்தத் தெரிவைத் தொட வேண்டாம். எந்த முறை என்பதை டிஎம்லிஸ்ட் கட்டளையால் கோப்பின் தலைப்பில் பார்க்கலாம்.

படமும் அசைவும்

டிஎம்கொப்பி கட்டளையில் கோப்புப் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் சக்தி எல்லையைக் கொடுத்தால் அந்த எல்லைக்குள் வந்த போட்டன்களை மட்டும் எண்ணிப் படமாக்கும். முழுவதையும் மேற்கோள்குறிக்குள் போட வேண்டும். மெக்கில் இதை மறந்தால் ஷெல் அடைப்பைத் தன்னுடைய குறியாக எடுத்துக்கொண்டு 'பொருத்தம் இல்லை' என்று சொல்லும். கோப்பைக் காணவில்லையோ என்று தேடி அலைவது வீண்.

கசியோப்பியா-ஏக்கு வழக்கமான மூன்று நிறங்கள் இவை: 0.5 முதல் 1.5 கே.ஈ.வி. வரை சிவப்பு, 1.5 முதல் 2.5 வரை பச்சை, 4 முதல் 6 வரை நீலம். மூன்றாவதைத் தனியே ஒரு தடவை பாருங்கள். கல்சியத்தின் 3.9 கோட்டுக்கும் இரும்பின் 6.7 கோட்டுக்கும் நடுவே பெரிய கோடுகள் இல்லாத பகுதி அது. (கோடு என்றால் ஒரு மூலகம் தனக்கே உரிய சக்தியில் விடும் ஒளி.) அங்கே விளிம்பில் நூல்போல மெல்லிய வளையம் தெரியும். அது சூடான வாயுவின் ஒளி அல்ல. அதிர்ச்சி அலையில் மிக உயர்ந்த சக்திக்கு முடுக்கப்பட்ட இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது விடும் சிங்குரோத்திரன் கதிர்ப்பு. சிலிக்கனின் 1.86 கோட்டைச் சுற்றி மட்டும் படம் எடுத்தால் உட்புறம் முழுக்க முடிச்சு முடிச்சாக எரியும். இரும்பின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரியும்: தென்கிழக்கில் இரும்பு சிலிக்கனுக்கு வெளியே நிற்கிறது. விண்மீனின் ஆழத்தில் உண்டான இரும்பு வெளியே வர வேண்டுமானால் வெடிப்பின்போது அடுக்குகள் புரண்டிருக்க வேண்டும். இரண்டு டிஎம்கொப்பி கட்டளைகளில் இதை நீங்களே பார்க்கலாம் என்பதுதான் இந்தத் தரவின் அழகு.

அடுத்து அசைவு. வெளி வளையம் வருடத்துக்குச் சுமார் 0.3 வில்செக்கன் விரிகிறது. அந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் செக்கனுக்கு 5,000 கிலோமீற்றரை அண்டி வரும். 2000 க்கும் 2004 க்கும் இடையில் 1.2 வில்செக்கன், பிக்சலின் அகலம் 0.49 வில்செக்கன் என்பதால் இரண்டரைப் பிக்சல் இடம்பெயர்வு. டிஎஸ்9 இல் இரண்டு படங்களையும் மாறி மாறிக் காட்டினாலே விளிம்பு தள்ளிப்போவது தெரியும். ஆனால் தொலைகாட்டி நோக்கும் திசையிலேயே அரை வில்செக்கனுக்கு மேல் பிழை இருக்கலாம். அதைத் திருத்தாமல் அளந்தால் ஒரு பக்கம் வேகமாகவும் எதிர்ப்பக்கம் மெதுவாகவும் விரிவதுபோல் வரும். அப்படி ஓர் ஒழுங்கான சாய்வைக் கண்டால் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம், சீரமைப்பு விட்டுப்போய்விட்டது. நடுவில் இருக்கும் நியூத்திரன் விண்மீனை (வெடிப்பில் மிஞ்சிய மிக அடர்ந்த கருவை) அல்லது சுற்றியுள்ள புள்ளி மூலங்களை வைத்து இரண்டு கோப்பையும் பொருத்திய பிறகே அளக்க வேண்டும்.

நிறமாலை: பிழைகளின் கூடு

டிஎஸ்9 இல் ஒரு முடிச்சைச் சுற்றி வட்டம் போட்டுச் சேமித்து, ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட் கட்டளைக்குக் கொடுத்தால் நான்கு விதக் கோப்புகள் வரும்: நிறமாலை, பின்னணி, ஒவ்வொரு சக்தியிலும் கருவியின் பயனுறு பரப்பு (போட்டன்களைப் பிடிக்கும் பரப்பு) எவ்வளவு என்பது, ஒரு சக்தியில் வந்த போட்டன் எந்தெந்தச் சக்திப் பிரிவுகளில் சிதறிப் பதியும் என்பது. பரந்த பொருளுக்கு எடையிடல் 'ஆம்', புள்ளித் திருத்தம் 'இல்லை'. விண்மீன் போன்ற புள்ளிக்கு இரண்டும் தலைகீழ். இதை மாற்றிப் போட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பிரகாசம் மட்டும் தவறாக வரும்.

வட்டத்தைச் சிறிதாக வையுங்கள், 3 முதல் 10 வில்செக்கன் வரை. எச்சம் முழுவதையும் ஒரே நிறமாலையாக எடுத்தால் போட்டன்கள் நிறையக் கிடைக்கும், ஆனால் வெவ்வேறு வெப்பநிலை, வெவ்வேறு வேகம் கொண்ட வாயுக்கள் கலந்துவிடும். அத்தோடு எண்ணிக்கை கூடக் கூட அளவுத்திருத்தத்தின் ஓரிரு வீதப் பிழைகள்கூட புள்ளிவிபரப் பிழையை மிஞ்சும், எந்த மாதிரியும் பொருந்தாது. ஒரு முடிச்சில் பத்தாயிரம் போட்டன் இருந்தால் தாராளம். பின்னணிக்கு அதே சில்லின் மூலையில் இடம் தேடுங்கள். எச்சத்தின் ஒளி அங்கேயும் சிதறி வரும் என்பதால், மங்கலான பகுதிகளை ஆராயும்போது வெற்று வானக் கோப்புகளை (பிரகாசமான பொருள் இல்லாத வானத்தில் எடுத்தவற்றை) பயன்படுத்துவது நல்லது.

எல்லாக் கோடும் வானத்தில் இருந்து வருவதில்லை. 7.47 கே.ஈ.வி. இல் நிக்கல் கண்டால் அது பெரும்பாலும் தொலைகாட்டியின் உடம்பில் இருக்கும் நிக்கல்தான். 2.1 அருகே பொன்னின் கோடும் இருக்கிறது, அதே இடத்தில் கண்ணாடியின் இரிடியத்தால் பயனுறு பரப்பில் ஒரு சரிவும் இருக்கிறது. 1.84 இல் உணரியின் சொந்தச் சிலிக்கன் விளிம்பு, அதற்குப் பக்கத்தில்தான் நீங்கள் தேடும் சிலிக்கன் கோடு 1.86. ஆகவே சிலிக்கன் கோட்டின் இடம் சற்றே நகர்ந்திருக்கிறது என்று வேகம் கணிக்கும்போது அவசரப்படக் கூடாது. ஏசிஸின் பிரிதிறன், அதாவது அது பிரித்தறியும் மிகச் சிறிய சக்தி வித்தியாசம், 100 முதல் 150 இலத்திரன் வோல்ற்று வரைதான். இன்னொரு எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைகாட்டியான எக்ஸ்ரிஸ்மின் நுண்கலோரிமானி என்ற உணரி சுமார் 5 இலத்திரன் வோல்ற்று வரை பிரிக்கும். 2024 ஜனவரியில் வெளியான, என்132டி என்ற இன்னொரு சுப்பர்நோவா எச்சத்தின் நிறமாலையை ஏசிஸ் நிறமாலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உறைக்கும். ஆனால் எக்ஸ்ரிஸ்மின் கூர்மை ஒரு வில்நிமிடத்துக்கும் மேல் என்பதால் முடிச்சுகளைத் தனித்தனியே பிரிக்க முடியாது. ஒன்று மற்றதுக்கு மாற்று அல்ல.

இனி, நிறமாலையோடு பொருத்திப் பார்க்கும் கணித மாதிரி. பலர் முதலில் எடுப்பது ஏபெக் என்ற சமநிலை மாதிரி. சுப்பர்நோவா எச்சத்துக்கு அது பொருந்தாது. அதிர்ச்சி அலை வாயுவைச் சட்டென்று சூடாக்கும். ஆனால் அணுக்களில் இருந்து இலத்திரன்கள் ஒவ்வொன்றாகத்தான் கழலும். அடர்த்தியையும் நேரத்தையும் பெருக்கினால் கன சென்ரிமீற்றருக்கு 10 இன் 12 ஆம் அடுக்கு செக்கன் வரும்போதுதான் சமநிலை கிட்டும். கன சென்ரிமீற்றருக்கு ஓர் இலத்திரன் என்றால் அது 30,000 வருடத்துக்கு மேல். கசியோப்பியா-ஏயின் வயதோ 350. அடர்த்தியான முடிச்சுகளில் கூட அயனாக்கம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே விநெய் அல்லது விபிஷொக் போன்ற சமநிலையற்ற மாதிரிகளை, விண்மீனிடை உறிஞ்சலுக்கான ரிபிஆப்ஸோடு பெருக்கிப் பயன்படுத்த வேண்டும். ரிபிஆப்ஸுக்கு வில்ம் என்ற மூலகப் பட்டியலை (எந்த மூலகம் எவ்வளவு என்று சொல்வது) முதலில் தெரிவுசெய்யுங்கள். இயல்பாக வருவது 1989 இன் பழைய பட்டியல், அதில் விட்டால் உறிஞ்சலின் அளவு தப்பாக வரும். ஷேர்பாவின் இயல்பான புள்ளிவிபரமும் பிழை எல்லைகளைப் பெரிதாக்கிக் காட்டும். பொருத்தம் அருமையாக இருக்கிறதே என்று தோன்றும். சீ-ஸ்டாட் என்ற புள்ளிவிபர முறைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கடைசியில் சிலிக்கன் சூரியனைவிட 40 மடங்கு என்ற மாதிரி ஓர் எண் வரும். அதை நம்ப வேண்டாம். இந்த முடிச்சுகளில் ஐதரசன் இருக்கிறதா என்பதே தெரியாது, தொடர் ஒளியை ஒட்சிசனே தரக்கூடும். ஐதரசனோடு ஒப்பிட்ட அளவு நம்பிக்கை இல்லாதது. சிலிக்கனுக்கும் கந்தகத்துக்கும், சிலிக்கனுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதங்கள் உறுதியானவை. வெடிப்பின் வகையை அறியவும் விகிதமும் கோட்டின் இடமும்தான் உதவும். இரும்பின் கோடு 6.55 கே.ஈ.வி. க்குக் கீழே வந்தால் ரைக்கோ, கெப்லர் எச்சங்கள் போல வெண்குள்ளன் (எரிந்து முடிந்த சிறிய விண்மீனின் அடர்ந்த கரு) வெடித்தது. அதற்கு மேலே என்றால் பெரும்பாலும் பாரிய விண்மீனின் கரு இடிந்து வெடித்தது.

வெவ்வேறு வருடத் தரவை ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. உணரிக்கு முன்னால் உள்ள வடிகட்டியில் வருடக்கணக்காக ஐதரோகாபன் படலம் படிந்து வருகிறது. 1 கே.ஈ.வி. க்குக் கீழே உணர்திறன் 2000 இல் இருந்ததில் சிறு பங்குதான் இன்று. அளவுத்திருத்தம் இதைக் கணக்கில் எடுக்கும், ஆனால் அதன் பிழையும் நிறமாலையில் ஏறும். கசியோப்பியா-ஏயின் நியூத்திரன் விண்மீன் 2000 முதல் 2009 வரை சுமார் 4 வீதம் குளிர்ந்தது என்று 2010 இல் அறிவித்தார்கள். உள்ளே மீபாய்மம் (உராய்வில்லாமல் ஓடும் பாய்மம்) உருவாகிறது என்றும் விளக்கினார்கள். பிறகு குறுகிய சட்டக நேரத்தோடு தனியாக எடுத்த தரவில் அந்த வீழ்ச்சி மிகவும் சுருங்கியது. எங்கள் பார்வையில், படலத்துக்கும் போட்டன் குவிதலுக்கும் பதில் சொல்லாத எந்த 'மாற்றமும்' மாற்றம் அல்ல.

தரவு பல துண்டுகளாக வருவதையும் சொல்ல வேண்டும். தொலைகாட்டியின் வெப்பக் காப்பு பழுதடைந்து வருவதால் இப்போது நீண்ட அவதானிப்பு ஒன்று பத்துப் பதினைந்து எண்களாக உடைந்து கிடக்கும். படத்துக்கு அவற்றை ஒன்றாக்கலாம். நிறமாலைக்கு ஒருபோதும் நிகழ்வுக் கோப்புகளை (போட்டன் பட்டியல்களை) ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் தனியே எடுத்து, ஒரே மாதிரியை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொருத்த வேண்டும்.

விண்மீன்களுக்கு வந்தால்

எச்சத்தில் கரைச்சல் தராத குவிதல் இங்கே முதல் பிரச்சினை. விண்மீனின் ஒளி எல்லாம் ஓரிரு பிக்சலில் விழுவதால் ஒரே சட்டகத்தில் வரும் இரண்டு போட்டன்கள் ஒன்றாகச் சேர்ந்து, இரு மடங்கு சக்தியுள்ள ஒன்றாகப் பதியும். எண்ணிக்கை குறையும், வெப்பநிலை கூடியதுபோல் தோன்றும். சட்டகத்துக்கு 0.1 போட்டன் என்றாலே ஏறக்குறைய 5 வீதம் குவிதல். 3.2 செக்கன் சட்டகத்தில் அது செக்கனுக்கு 0.03 போட்டன்தான், ஒன்றும் பெரிய பிரகாசம் இல்லை. சில்லின் எட்டில் ஒரு பங்கை மட்டும் வாசித்தால் சட்டகம் 0.4 செக்கனாகச் சுருங்கும். ஆனால் களஞ்சியத் தரவில் அது வேறொருவர் ஏற்கெனவே எடுத்த முடிவு. நடுவைத் துளைபோல் விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் எண்ணலாம். மிகப் பிரகாசமான விண்மீனுக்கு வாசிப்புக் கோடு கைகொடுக்கும்: சில்லை நகர்த்தி வாசிக்கும் 0.04 செக்கனில் விழுந்த போட்டன்கள் ஒரு நீண்ட கோடாகப் பரவிக் கிடக்கும். அவை குவியாதவை, மொத்தத்தில் 1.3 வீதம் வரும்.

பழக நல்ல இடம் ஒரியன் நெபுலா. 2003 ஜனவரியில் 13 நாட்களில் 838,000 செக்கன் பார்த்து 1,600 க்கு மேற்பட்ட மூலங்கள் கண்டார்கள். பெரும்பாலானவை இளம் விண்மீன்கள், சூரியனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் எக்ஸ்-கதிரில் எரிபவை. ஒளி வளைவு எடுத்தால் சில மணிநேரத்தில் சடாரென ஏறி மெதுவாக இறங்கும் வெடிப்புகள் தெரியும். படத்தின் நடுவில் அரை வில்செக்கனாக இருக்கும் புள்ளி ஓரத்துக்குப் போகப் போகப் பல வில்செக்கனாக வீங்கும். எல்லா விண்மீனுக்கும் ஒரே அளவு வட்டம் போட்டால் ஓரத்தில் உள்ளவை மங்கலாக வரும்.

ஒளி வளைவில் 707 அல்லது 1,000 செக்கன் ஆவர்த்தனம் வந்தால் அது விண்மீனுடையது அல்ல. பிக்சல் பிழைகளைச் சமப்படுத்தச் சந்திரா வேண்டுமென்றே தன் பார்வையை 8 வில்செக்கன் வீச்சில் அசைக்கிறது. அந்த அசைவின் இரண்டு காலங்களும் இவைதான். விண்மீன் சில்லின் விளிம்பிலோ கெட்ட நிரலுக்குப் பக்கத்திலோ இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் வெளியே போய் உள்ளே வரும். சில்லு ஆள்கூற்றில் அந்த மூலத்தின் போட்டன்களை வரைந்து பார்த்தால் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பது உடனே தெரியும்.